மாட்டுக்கு ஊசி போட்ட பின் பாலும் இறைச்சியும்: எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?

மடிநோய் கண்ட பசுவுக்குக் காலையில் ஊசி போடப்படுகிறது. மாலையில் கறந்த பால் வழக்கம்போல் கேனில் சேர்கிறது. கடையம் வட்டாரத்தில் ஓரிரு மாடுகளை நம்பி வாழும் குடும்பங்கள் இதைத் தவறென்று அறிந்து செய்வதில்லை. பலருக்கு இதனை யாரும் எடுத்துச் சொன்னதில்லை.

மாட்டுக்குச் செலுத்தும் மருந்து, நோய் தீர்ந்தவுடன் மறைந்துவிடுவதில்லை. பாலிலும், ஈரல், சிறுநீரகம், ஊசி போட்ட இடத்துத் தசை ஆகியவற்றிலும் அதன் எச்சம் தங்கியிருக்கும். அது பாதுகாப்பான அளவுக்குக் குறையும் வரை பாலையும் இறைச்சியையும் உணவிலிருந்து விலக்கி வைக்கும் நாட்களே 'விலக்குக் காலம்' எனப்படும். மருந்துக்கு மருந்து இது மாறுபடும். கால்நடை மருந்தின் உறையில் இக்காலத்தை அச்சிட வேண்டும் என 2012-ஆம் ஆண்டு விதி செய்யப்பட்டது. உறையில் குறிப்பிடப்படாவிடில், பாலுக்கு 7 நாட்களுக்கும் இறைச்சிக்கு 28 நாட்களுக்கும் குறையாமல் காத்திருக்க வேண்டும்.

காய்ச்சினால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். காய்ச்சுவதால் கிருமிகள் மடியும். மருந்தின் எச்சம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு அது தீங்காகலாம். தொடர்ந்து சிறிது சிறிதாக மருந்தைச் சந்திக்கும் கிருமிகள் அதனை எதிர்த்து வாழவும் பழகுகின்றன. வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத தொற்றுடன் நோயாளிகள் எங்களிடம் வருவது இன்று புதிதல்ல. மனிதர்கள் மருந்தை வரைமுறையின்றி உட்கொள்வது இதற்கு முக்கியக் காரணம். ஆயினும் தொழுவத்தின் பங்கை ஒதுக்கிவிட இயலாது.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை ஆய்வு செய்தது. 77 மாதிரிகளில் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து வரம்பை மீறியிருந்தது. 368 மாதிரிகளில் அஃப்ளாடாக்சின் என்னும் பூஞ்சை நச்சு மிகுந்திருந்தது. இதில் தமிழ்நாடு முன்னிலையில் இருந்தது கவலைக்குரியது. பூஞ்சை பிடித்த புண்ணாக்கும் மக்காச்சோளமுமே இந்நச்சின் வழி. சாரல் காலத்தில் தீவன மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் பலகை மேல் வைப்பது நல்லது.

இறைச்சியில் சிக்கல் இன்னும் பெரிது. பல ஊசிகள் போட்டும் தேறாத மாட்டைத்தான் வியாபாரியிடம் விரைந்து விற்கிறோம். மாடு கைமாறியபின் அதற்கு எப்போது, என்ன மருந்து தரப்பட்டது என்பதை அறிய வழியில்லை. கனடாவில் மாட்டிறைச்சி உற்பத்தியாளர்களுக்கான பண்ணைச் சரிபார்ப்புத் திட்டத்தில், ஒவ்வொரு சிகிச்சையும் பதிவேட்டில் உள்ளதா என்பதே முக்கியமாகப் பார்க்கப்படுகிறது. அதற்கு இங்கு நாற்பது பக்க நோட்டு ஒன்றே போதும். மாட்டின் காதுவில்லையிலுள்ள 12 இலக்க எண், மருந்தின் பெயர், ஊசி போட்ட நாள், விலக்குக் காலம் முடியும் நாள் ஆகியவற்றை எழுதி வையுங்கள். விற்கும்போது அந்தப் பக்கத்தை வாங்குபவரிடம் காட்டுங்கள்.

ஏழு நாள் பாலை இழப்பது சிறிய குடும்பத்துக்குச் சிறிய இழப்பன்று. ஆகவே சிகிச்சை தொடங்கும் முன்பே, விலக்குக் காலம் குறைந்த மருந்து உண்டா என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். மருந்துக் கடையில் நீங்களாக வாங்கி ஊசி போடாதீர்கள். விலக்கிய பாலைக் கன்றுக்கும் கொடுக்க வேண்டாம். கிணற்றுக்கும் ஓடைக்கும் தொலைவில் குழி தோண்டிக் கொட்டுங்கள். மருந்தகத்துக்கு மாட்டைக் கொண்டு செல்ல இயலாதபோது 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.