சாலை விபத்தும் இழப்பீட்டு உரிமையும்

பொழுது புலர்வதற்கு முன்பே எம். புதுப்பட்டியிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வேன்கள் வந்து நிற்கத் தொடங்கிவிடும். உணவுத் தூக்குகளுடன் ஏறும் ஆண்களும் பெண்களும் பட்டாசு ஆலைகளை நோக்கிச் செல்வர். வெடிமருந்தின் தீங்கினைச் சிவகாசி வட்டாரம் நன்கறியும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த பெருவிபத்தை இன்றும் எவரும் மறக்கவில்லை. ஆனால், ஆலைக்குச் செல்லும் சாலையிலும் அதே குடும்பங்களுக்கு ஆபத்து காத்திருக்கிறது. அதனைக் குறித்து நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டில் மாநிலங்களுள் மிகுதியான விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்தான். 64,105 விபத்துகளில் 17,884 பேர் மாண்டனர். நாடு முழுவதும் நேர்ந்த உயிரிழப்புகளில் பத்தில் ஏழுக்குக் காரணம் மிகைவேகம். குடிபோதை, எதிர்த்திசையில் ஓட்டுதல், கைப்பேசி ஆகியவை அதற்குப் பின்னரே வருகின்றன. எனினும், வேகத்தை மட்டும் குற்றம் சொல்லி அமைவது போதாது. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் ஓய்வின்றி ஓட்டும் ஓட்டுநரின் அயர்வு, அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய வண்டி, சிற்றூர்ச் சாலையிலிருந்து நான்குவழிச் சாலையை ஊடறுத்துக் கடக்கும் இருசக்கர வாகனம் என ஒவ்வோர் இடத்திற்கும் தனித்தனிக் காரணங்கள் உண்டு.

விபத்து நேர்ந்தபின் சட்டம் என்ன செய்கிறது? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், சாலையில் ஓடும் ஒவ்வொரு வாகனத்திற்கும் மூன்றாம் தரப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியுள்ளது. வாகன உரிமையாளர் வறியவராயினும் பாதிக்கப்பட்டவர் வெறுங்கையுடன் திரும்பக் கூடாது என்பதே இதன் நோக்கம். இழப்பீடு கோருவோர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகவேண்டும். விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றம் விருதுநகரில் அன்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ளது என்பதை இவ்வட்டாரத்தார் அறிவர். விபத்து நிகழ்ந்த இடத்தில்தான் வழக்குத் தொடுக்கவேண்டும் என்பதில்லை. கோருபவர் வாழும் ஊரின் எல்லைக்குரிய தீர்ப்பாயத்திலும் தொடுக்கலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, விபத்து நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் மனு அளிக்கப்பட வேண்டும்.

இங்கே ஒரு தடை உண்டு. ஆலை வேன் தவறிவிட்டால், அவ்வழியே வரும் சரக்கு வண்டியில் ஏறிக்கொள்வது நம்மூர் வழக்கம். சரக்கு வாகனத்தில் வெறும் பயணியாகச் செல்பவர் விபத்துக்குள்ளானால் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என 2002 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரக்குக்கு உரியவரோ, அவர் சார்பில் உடன் செல்பவரோ ஆயின் நிலை வேறு. மற்றவர்கள் வண்டியின் உரிமையாளரிடமிருந்தே தொகையைப் பெறவேண்டியிருக்கும். கடனில் வாங்கிய ஒற்றை வண்டியை நம்பி வாழும் உரிமையாளரிடமிருந்து தீர்ப்புத் தொகையை வசூலிப்பது எளிதன்று.

அடுத்து, தொகை எவ்வாறு கணிக்கப்படுகிறது என்பதைக் காண்போம். மருத்துவர் உடலுறுப்பின் இயலாமையை விழுக்காட்டில் குறிப்பார். ஆனால், அதுவே வருவாய் இழப்பின் அளவாகிவிடாது. 2010 அக்டோபரில் உச்சநீதிமன்றம் இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்தியது. இடக்கையை இழந்த தச்சருக்கோ ஓட்டுநருக்கோ தொழில் ஏறத்தாழ முற்றிலும் போய்விடும். அதே கையை இழந்த எழுத்தர் தம் பணியில் தொடரக்கூடும். குழல் சுருட்டுதல், திரி செருகுதல், மருந்து செலுத்துதல் ஆகிய அனைத்தும் விரல்களின் வேலை. ஆதலின், இம்மண்ணில் இத்தீர்ப்பு மிகுந்த பொருளுடையது.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. முப்பத்திரண்டு வயதுடைய பெண் ஒருவர் பட்டாசு ஆலையில் மாதம் 12,000 ரூபாய் ஈட்டுகிறார். விபத்தில் அவருடைய வலக்கை விரல்கள் மடங்காமல் போகின்றன. நிரந்தர ஊதியமில்லாத, நாற்பது வயதுக்கு உட்பட்டவருக்கு எதிர்கால வருவாய் உயர்வாக 40 விழுக்காடு சேர்க்கப்படும். மாதத்திற்கு 16,800, ஆண்டுக்கு 2,01,600 ரூபாய். அவர் வயதுக்குரிய பெருக்கு எண் 16. மருத்துவர் குறித்த 30 விழுக்காட்டையே தீர்ப்பாயம் ஏற்றால், வருவாய் இழப்பு 9,67,680 ரூபாய். அவருடைய தொழிலை நோக்கி 60 விழுக்காடு எனக் கொண்டால், 19,35,360 ரூபாய். மருத்துவச் செலவும் வலிக்கும் வேதனைக்குமான தொகையும் தனி.

இனி, அவர் தம் கூலியை மெய்ப்பிக்க இயலவில்லை எனக் கொள்வோம். எண்ணிக்கைக் கணக்கில் கூலி பெறுவோர் பலருக்கு ஊதியச் சீட்டு இருப்பதில்லை. அப்போது தீர்ப்பாயம் ஒரு வருவாயைத் தானே மதிப்பிடும். மாதம் 8,000 ரூபாய் என மதிப்பிட்டால், 60 விழுக்காட்டுக்குரிய தொகை 12,90,240 ரூபாயாகக் குறைந்துவிடும். ஒரு தாள் இல்லாமையால் நேர்ந்த இழப்பு 6,45,120 ரூபாய்! வங்கிவழி வந்த கூலிப் பதிவும், வருங்கால வைப்பு நிதிக் கணக்கும், ஆலை வருகைப் பதிவேடும் இதனால்தான் அருமையுடையன.

தாள்கள் மருத்துவமனையிலிருந்தே தொடங்குகின்றன. விபத்துப் பதிவேட்டில் 'வாகனம் மோதி' என எழுதாமல் 'கீழே விழுந்து' என எழுதிவிட்டால், பின்னர் அதனை மாற்றுவது கடினம். காயமுற்றவர் பேசவியலாத நிலையில், உடன் சென்றவர் சொல்வதே அங்குப் பதிவாகும். உதவி செய்பவரைச் சட்டத்தின் 134அ பிரிவு வழக்கிலிருந்து காக்கிறது. ஆகவே, உடன் செல்ல அஞ்சவேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான செலவை வரையறுத்த அளவுவரை ஏற்கிறது. முதல் தகவல் அறிக்கையின் படியும் காயச் சான்றும் அடுத்துப் பெறவேண்டியவை.

மோதிய வாகனம் அடையாளம் தெரியாமல் ஓடிவிட்டாலும் வழி முற்றிலும் அடைபடுவதில்லை. 2022 ஏப்ரல் முதல், அத்தகைய விபத்தில் உயிரிழந்தோர் குடும்பத்திற்கு 2 லட்சம் ரூபாயும், கொடுங்காயமுற்றோர்க்கு 50,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன.

மாணவர் அறியவேண்டிய மற்றொன்றும் உண்டு. பதினெட்டு வயது நிறையாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோர் அல்லது வாகன உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஓட்டியவர் இருபத்தைந்து வயதுவரை ஓட்டுநர் உரிமம் பெறவும் இயலாது.

தீர்ப்பு வந்த 30 நாள்களுக்குள் தொகை செலுத்தப்பட வேண்டும். அதில் நிறைவடையாதவர் 90 நாள்களுக்குள் உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். விருதுநகர் மாவட்டத்தார்க்கு அது மதுரைக் கிளையாகும்.