இரை இல்லாத தூண்டிலில் சூரை மீன்!

நடுக்கடலில் தண்ணீர் கொதிக்கிறது. உலை பொங்குவதுபோல் குமிழியிட்டுப் பொங்குகிறது. மேலே ஆலாப் பறவைகள் கூட்டமாகச் சுற்றிக் கத்துகின்றன. ஒவ்வொன்றாகத் தலைகீழாகப் பாய்ந்து, அலகில் வெள்ளியாக மின்னும் பொடி மீனோடு மேலே எழும்புகின்றன. கீழே, நீருக்குள், நீல முதுகுகள் கோடு கோடாக ஓடுகின்றன.

சூரை மீன் கூட்டம் மேய்கிறது!

சூரை தனியாக வேட்டைக்குப் போகிற மீன் அல்ல. கூட்டமாகச் சேர்ந்து, நெத்திலி போன்ற பொடி மீன்களைக் கீழே இருந்து மேலே விரட்டிக் கொண்டு வரும். ஆழத்தில் இருக்கும் வரை பொடி மீனுக்கு எல்லாப் பக்கமும் வழி உண்டு. நீர் மட்டத்துக்கு வந்து விட்டால் ஒரு பக்கம் அடைத்து விடுகிறது. துள்ளினால் பறவை கொத்தும். முங்கினால் சூரை விழுங்கும். இந்த அமர்க்களம் சில சமயம் அரை நிமிஷம்தான். சில சமயம் பத்து நிமிஷம். பிறகு கூட்டம் மூழ்கி, தள்ளி வேறு இடத்தில் கிளம்பும்.

அந்த அரை நிமிஷத்துக்குள், விரல் பருமன்கூட இல்லாத ஒரு கம்பை வீசி, சுண்டு விரல் நீளமுள்ள ரப்பர் மீனை அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் போட்டு, மூன்று கிலோ சூரையை இழுத்துப் படகில் ஏற்றி விடுகிறார்கள். புழு இல்லை. இறால் இல்லை. மீன் துண்டும் இல்லை. நம் ஊர்க்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னால், "இரை இல்லாமல் மீன் பிடிக்கிறதா? யாரிடம் கதை விடுகிறீர், அண்ணாச்சி!" என்பார்.

கதை அல்ல. கோவா, கார்வார் கரைக்கு வெளியேயும், லட்சத்தீவிலும், அந்தமானிலும் இன்று நடக்கிற வேலை இது.

சமையல் அறையில் பிறந்த ரப்பர் புழு

ரப்பர் மீன் என்று சொல்கிறோமே தவிர, அதில் ரப்பர் கிடையாது. குழாய் செய்கிற அதே பி.வி.சி. பிளாஸ்டிக்தான். அதோடு மிருதுவாக்கும் எண்ணெய் போன்ற ஒரு திரவத்தைக் கலந்து காய்ச்சி அச்சில் ஊற்றினால், ஆறிய பிறகு அல்வா போல் துவளும். இதை முதன்முதலில் தூண்டிலுக்குப் பயன்படுத்தியவர் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், அக்ரன் என்ற ஊரில் இருந்த நிக் கிரீம் என்பவர். அக்ரன் மோட்டார் டயருக்குப் பெயர் போன ஊர். அங்கே 1949-ல் அவரும் அவர் மனைவியும் வீட்டிலேயே காய்ச்சி ஊற்றியது ஒரு மண்புழு. ஏரி மீனுக்காகச் செய்த அந்தப் புழு பிறகு வாலை ஆட்டும் குஞ்சு மீனாகி, கடலுக்கும் வந்து விட்டது.

மிருதுவாக இருப்பதில்தான் சூட்சுமம். மரத்தில் அல்லது தகரத்தில் செய்த பொய் மீனைக் கடித்ததும் மீனுக்குச் சந்தேகம் வந்து விடும்; உடனே துப்பி விடும். இது கடிக்கும்போது சதைபோல் அமுங்குகிறது. துப்பலாமா என்று மீன் நினைப்பதற்குள் தூண்டில்காரன் கம்பைச் சுண்டி விடுகிறான்.

கம்பு ஏழடி நீளம், கண்ணாடி நார் அல்லது கார்பன் நாரில் செய்தது. நூல் பின்னல் நூல். பத்துக் கிலோ இழுவை தாங்கும். பருமனோ தையல் நூல் அளவுதான். அதன் நுனியில் ஒரு பாகம் நீளத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒற்றை நரம்பு. அதில் ஈயத் தலை வைத்த ஒரு முள். முள்ளில் ரப்பர் மீன். அவ்வளவுதான் சாமான்.

இவ்வளவு மெல்லிய நூல் அறுந்து போகாதா? அதற்குத்தான் ரீலில் ஒரு திருகு இருக்கிறது. நூல் தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்கு இழுவை வந்ததுமே ரீல் தானாக நூலை விட்டுக் கொடுக்கும்படி அதை முறுக்கி வைப்பார்கள். மீன் ஓடினால் ஓட விடுவது, நின்றால் சுற்றுவது. சூரை ஓடினால் சாமானியத்தில் நிற்காது. அது நிற்கத் தெரியாத மீன். வாயைத் திறந்தபடி நீந்திக் கொண்டே இருந்தால்தான் செவுளில் தண்ணீர் பாய்ந்து அதற்கு மூச்சு வரும். நீந்துவதை நிறுத்தினால் மூச்சும் நின்று விடும். இரவும் பகலும் ஓடி ஓடி அதன் சதை இறைச்சிபோல் சிவந்து கிடக்கிறது; அதன் உடம்புச் சூடும் சுற்றியுள்ள கடலைவிட அதிகம்.

கூட்டத்தைக் கண்டதும் படகை அதற்கு நடுவே விட்டால் காரியம் கெட்டது. மீன்கள் அடியில் போய்விடும். காற்று வருகிற பக்கத்தில், எறி தூரத்துக்கு அப்பாலேயே எஞ்சினை நிறுத்தி, காற்றே படகைத் தள்ளிக் கொண்டு போகும்படி விட வேண்டும். வீசுவதும் நடுவில் அல்ல, ஓரத்தில். இன்னொரு விஷயம், அளவு. இரண்டு அங்குலப் பொடி மீனை மேய்கிற சூரைக்கு முன்னால் ஆறு அங்குல ரப்பர் மீன் போனால் ஏறெடுத்தும் பார்க்காது. பசியிலும் அதற்குக் கணக்கு உண்டு!

வஞ்சிரம் வந்து கடித்தால் வேறு கதை. (நாகர்கோவில் பக்கத்தில் நெய்மீன், மும்பைச் சந்தையில் சுர்மை.) அதன் பல் கத்தரிக்கோல். ரப்பர் வால் போய்விடும். பல சமயம் முள்ளும் சேர்ந்து போய்விடும். கட்டா மீன் நன்றாகத் துள்ளி விளையாட்டுக் காட்டும். ஆனால் கையில் பிடிக்கும்போது அதன் முதுகு முள்ளிலும் அடி முள்ளிலும் விஷம் உண்டு என்பதை மறக்கக் கூடாது.

மும்பைக் கரையிலேயே இதைச் செய்யலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே கரையோரத் தண்ணீர் சேறு கலந்தது. ரப்பர் மீன் கண்ணுக்குத் தெரிந்தால்தான் ஏமாற்ற முடியும். கலங்கல் தண்ணீரில் வாசனை உள்ள இறாலுக்குத்தான் மதிப்பு.

மினிக்காய்க்காரர்களின் மூங்கில்

பொய் இரையால் சூரையை ஏமாற்றும் வித்தையை அமெரிக்காவிலிருந்துதான் கற்க வேண்டும் என்பதில்லை. லட்சத்தீவின் தென்கோடியில் உள்ள மினிக்காய் தீவில் இது பரம்பரைத் தொழில். மற்ற தீவுகளில் மலையாளம் பேசுகிறார்கள். மினிக்காயில் மட்டும் மாலத்தீவு மொழியோடு சேர்ந்த மஹல் மொழி. அங்கே ஆண்களில் பலர் கப்பல் வேலைக்குப் போய், உலகத்துத் துறைமுகங்களை எல்லாம் பார்த்தவர்கள். ஊரில் இருக்கிறவர்களுக்குச் சூரைதான் பிழைப்பு.

அவர்கள் கையில் ரீல் கிடையாது. நீளமான மூங்கில் கழி. கழியைவிடச் சற்றுக் குட்டையான நூல். நூல் முனையில் பளபளக்கும் ஒரு முள். அந்த முள்ளில் இரை குத்துவதில்லை. எதிர்முனையும் இல்லை. சாதாரணத் தூண்டில் முள்ளில் மீன் கழன்று விடாமல் இருக்க ஒரு சிறு கொக்கி பின்னோக்கி இருக்குமே, அது இல்லாத வழுவழுப்பான முள்.

காரணம் இருக்கிறது. மீன் கடித்ததும் கழியை ஒரே வீச்சில் தூக்கித் தலைக்கு மேலாகப் பின்னால் எறிகிறார்கள். மீன் படகுக்குள் விழும்போது நூல் தளர்கிறது. முள் தானே கழன்று கொள்கிறது. கையால் கழற்ற நேரம் செலவில்லை. அடுத்த நொடி முள் மறுபடியும் தண்ணீரில். பின்பக்க மேடையில் வரிசையாக நின்று எல்லோரும் இப்படி வீசும்போது, மீன் மழை பெய்வதுபோல் படகில் விழும். கூட்டம் நின்று மேய்ந்தால் சில நிமிஷங்களில் படகு நிறையும்.

இரை இல்லாத முள்ளைச் சூரை ஏன் கடிக்கிறது? அங்கேதான் உயிருள்ள பொடி மீன் வருகிறது. விடியற்காலையில் தீவைச் சுற்றியுள்ள ஆழமில்லாத உள்கடலில், பவளப் பாறை ஓரமாக வலையைத் தாழ்த்திப் பொடி மீனைப் பிடிக்கிறார்கள். பிடித்ததைச் சாகாமல் காப்பாற்ற வேண்டும். பழைய ஓடங்களில் அதற்கென்று நடுவே ஓர் அறை; அதன் அடியில் துளைகள். துளை வழியாகக் கடல் தண்ணீர் உள்ளே வரும். ஆள் நின்று அதை இறைத்துக் கொண்டே இருப்பார். படகுக்குள்ளேயே ஒரு துண்டுக் கடல்!

பறவைக் கூட்டத்தைப் பார்த்து அங்கே போனதும், ஒருவர் பொடி மீனை அள்ளி அள்ளித் தண்ணீரில் எறிகிறார். மற்றவர் கடல் மேல் தண்ணீரைத் தெளிக்கிறார். தெளிக்கும் தண்ணீர், பொடி மீன் துள்ளுவதுபோல் தோன்றும். படகின் நிழலையும் மறைக்கும். வெறி பிடித்து மேயும் சூரைக்கு அந்த நேரத்தில் மின்னுவதெல்லாம் மீன்தான். உயிர் மீனுக்கு நடுவே மின்னும் வெறும் முள்ளையும் கடித்து விடுகிறது.

பிடித்த சூரையை உப்புத் தண்ணீரில் அவித்து, புகை போட்டு, வெயிலில் காயவைத்தால் கட்டைபோல் இறுகி விடும். ஐந்து கிலோ மீன் சுமார் ஒரு கிலோவாகச் சுண்டும். அதுதான் மாசி. தூத்துக்குடி, காயல்பட்டினம் பக்கத்து வாசகர்களுக்கு மாசியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 14-ம் நூற்றாண்டில் மாலத்தீவில் காஜியாக இருந்த யாத்திரிகர் இபின் பதூதா, இந்த மீனை அவித்துப் புகை போட்டு இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் அனுப்புவதை எழுதி வைத்திருக்கிறார்.

பொடி மீன் இல்லாத நாள்

இந்தத் தொழிலுக்கு ஆதாரம் சூரை அல்ல, பொடி மீன். கடலில் சூரை எவ்வளவு இருந்தாலும், காலையில் பொடி மீன் அகப்படாவிட்டால் படகு கிளம்புவதில்லை. அன்றைக்குக் கூலியும் இல்லை.

பொடி மீனில் பல வகை பவளப் பாறையை ஒட்டி வாழ்கிறவை. கடல் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் வெளுத்துப் போகிறது. சூடு நீடித்தால் செத்தும் போகிறது. லட்சத்தீவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இப்படி நேர்ந்தது. 2024-ல் மறுபடியும் நேர்ந்தது. பாறை செத்தால் அதில் ஒண்டியிருந்த குஞ்சுகளுக்கு வீடு போகிறது. பொடி மீனைத் தேடி நேரமும் டீசலும் செலவாகிறது என்பது தீவுக்காரர்களின் கவலை.

அப்படியானால் உயிர் மீனுக்குப் பதிலாக ரப்பர் மீனைக் கொடுத்து விட்டால் என்ன? கேட்க நன்றாக இருக்கிறது; நடக்காது என்றே தோன்றுகிறது. ரப்பர் மீன் ஒரு சூரையை ஏமாற்றும். கூட்டத்தை நிறுத்தி வைக்காது. வாரி எறிகிற உயிர் மீன்தான் ஆயிரக்கணக்கான சூரைகளைப் படகை விட்டுப் போகாமல் பிடித்து வைக்கிறது. ஒருவர் விளையாட்டுக்கு ஒரு மீன் பிடிப்பது வேறு. ஒரு படகு ஆட்கள் பங்கு பிரித்து வீட்டுக்கு அரிசி வாங்குவது வேறு. வலையைப் போட்டுக் கண்டதையெல்லாம் வாரிக் கொள்வதோடு ஒப்பிட்டால், கழியால் ஒன்றொன்றாகப் பிடிக்கும் இந்த முறையில் ஆமையும் டால்பினும் சிக்குவது அபூர்வம். ஆகவே இந்தத் தொழில் நொடித்து, அதன் இடத்தில் வலை வந்தால் நஷ்டம் தீவுக்கு மட்டும் அல்ல.

ரப்பர் மீனுக்கும் தன் பங்குக்கு ஒரு பாவம் உண்டு. ஒன்றிரண்டு கடியில் வால் கிழிந்து விடும். கிழிந்ததைக் கடலில் எறிகிறவர்கள் இருக்கிறார்கள். அது மக்காது. மீன் அதை விழுங்கினால் செரிக்காது. வயிற்றில் அடைத்துக் கொள்ளும். அமெரிக்காவில் மெயின் மாநிலச் சட்டசபையில் 2013-ல் இந்த ரப்பர் இரையைத் தடை செய்ய ஒரு மசோதாவே வந்தது. தடை நிறைவேறவில்லை, ஆராயச் சொன்னதோடு முடிந்தது. கிழிந்த வாலைச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு கரைக்கு வர ஒரு சட்டம் வேண்டுமா? சிலர் கிழிந்தவற்றை வீட்டு அடுப்பில் உருக்கி மறுபடியும் வார்க்கிறார்கள். அதன் புகை நெஞ்சுக்கு ஆகாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில், அதுவும் ஒற்றை அறைக் குடித்தனத்தில், அந்த விளையாட்டே வேண்டாம்.

சந்தையில் சூரை வாங்குகிறவர்களுக்கு

தூண்டில் பிடிக்காதவர்களுக்கும் சூரையோடு உறவு உண்டு. மும்பைச் சந்தையில் குப்பா என்ற பெயரில் விற்கிறது, வஞ்சிரத்தை விட விலை மிகக் குறைவு, சத்து குறைவில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை. சூடான உடம்புள்ள மீன் ஆனதால் செத்த பிறகு சீக்கிரம் கெடும். பிடித்த உடனே ரத்தத்தை வடித்து ஐஸில் வைக்காவிட்டால், சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் ஊறி விடுகிறது. அதைக் கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவக்கும்; உடம்பு அரிக்கும்; தலை வலிக்கும். சூரை சூடு என்று பலர் சொல்லி ஒதுக்குவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பாருங்கள். பழுப்பாக இருந்தால் விட்டு விடுங்கள். விரலால் அழுத்திய குழி உடனே எழும்ப வேண்டும். வெயிலில் ஐஸ் இல்லாமல் கிடக்கும் சூரையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். வாயில் வைத்ததும் மிளகு கடித்ததுபோல் சுரீரென்றால், அந்தக் கவளத்தோடு நிறுத்திக் கொள்ளுங்கள்.