கழிவு நூலும் கைவேலையும்

பொதட்டூர்பேட்டை நெசவாளர் ஊர். இங்கே தறியோசை கேட்டபடியே குழந்தைகள் கண் விழிக்கின்றனர். அவ்வோசை கேட்டபடியே உறங்கவும் செல்கின்றனர். ஆயினும் நூல் எவ்வாறு துணியாகிறது என்று அவர்களுள் பலரைக் கேட்டால், விடை தெரியாமல் விழிப்பர். விசைத்தறியின் வேகம் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. உழைத்துக் களைத்த பெற்றோருக்கோ விளக்கிச் சொல்ல ஓய்வில்லை. அழும் பிள்ளையின் கையில் கைப்பேசியைக் கொடுத்து அமைதிப்படுத்துவதே எளிதாகி விடுகிறது.

கைவேலையைப் பொழுதுபோக்கென்று மட்டும் கருதுவது தவறு. 1937-ஆம் ஆண்டு வார்தாவில் நடந்த கல்வி மாநாட்டில், கைத்தொழில் வழியாகவே கல்வி அமைய வேண்டுமென்று காந்தியடிகள் வற்புறுத்தினார். ஆதாரக் கல்வி என்று நாம் அழைத்தது அதனையே. நம் முன்னோர் கொட்டாங்குச்சியில் அகப்பை செய்தனர். நுங்குக் கூந்தலில் வண்டி உருட்டினர். பனையோலையில் காற்றாடி சுழற்றினர். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதமன்றோ! வீட்டில் கிடக்கும் பொருள்களைக் கொண்டே செய்யத்தக்க மூன்று கைவேலைகளை இங்கே தருகிறோம்.

1. அட்டைத் தறி

பதினைந்து சென்டிமீட்டர் நீளமும் பத்து சென்டிமீட்டர் அகலமும் உள்ள தடித்த அட்டை ஒன்றை எடுத்துக்கொள்க. மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் அரை சென்டிமீட்டர் இடைவெளியில் பதினைந்து வெட்டுகள் இடுக. நூலை மேலும் கீழுமாக ஒவ்வொரு வெட்டிலும் மாட்டி இழுத்துக் கட்டினால் அதுவே பாவு. தறியில் மிஞ்சிய கழிவு நூல் நான்கைந்து இழைகளை ஒன்றாக முறுக்கி, ஈர்க்குச்சியின் நுனியில் கட்டிக்கொண்டால் அதுவே ஊடை. முதல் வரிசையில் ஓர் இழைக்கு மேல், அடுத்த இழைக்குக் கீழ் என்று செலுத்துக. மறு வரிசையில் அதனை மாற்றுக. தறியில் அச்சு செய்யும் வேலையை இங்கே பழைய சீப்பு செய்யும். வரிசைதோறும் அதனால் நெருக்குக. ஊடையை மிக இறுக்கினால் ஓரங்கள் உள்வாங்கும்; எனவே சற்றே தளர விடுதல் நலம். நெய்து முடிந்ததும் பின்புறத்து நூலை அறுத்து, இரண்டிரண்டாக முடிச்சிட்டால், குவளை வைக்கும் சிறு விரிப்பு ஆயத்தம்.

உள்ளங்கையளவு துணிக்கு இத்தனை நேரமா என்று பிள்ளை வியக்கும். அவ்வியப்பே நாம் வேண்டுவது. தந்தையின் தொழிலைச் சொல்லக் கூசும் பிள்ளை, அன்று முதல் அவர் கைகளை வேறு கண்ணோடு பார்க்கும்.

2. தீக்குச்சி வடிவங்கள்

கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற பொறியாளர் அரவிந்த் குப்தா, 1978-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் பகுதியில் நடந்த கிராம அறிவியல் கல்விப் பணிக்குச் சென்றார். அங்கே தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் கொண்டு வடிவங்கள் அமைக்கும் எளிய முறையைக் கண்டார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

வால்வு டியூபை இரண்டு சென்டிமீட்டர்த் துண்டுகளாக நறுக்குக. குச்சிகளின் மருந்துத் தலையை நீரில் நனைத்துப் பெரியோரே அகற்றித் தரவேண்டும். ஒரு துண்டின் இரு முனைகளிலும் குச்சிகளைச் செருகினால் வளையும் மூட்டு கிடைக்கும். மூன்று குச்சிகளால் முக்கோணமும் நான்கால் சதுரமும் அமைத்து, இரண்டையும் விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். சதுரம் சாயும், முக்கோணம் சாயாது. இரும்புப் பாலங்களிலும் மின்கோபுரங்களிலும் முக்கோணங்கள் நிறைந்திருப்பதன் காரணம் அப்போது தானே விளங்கும்.

3. துணிப்பை

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து தடை உள்ளது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கப்பெற்றது. பழைய லுங்கியில் தொண்ணூறு சென்டிமீட்டர் நீளம், நாற்பது சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு துண்டு வெட்டுக. குறுகிய இரு ஓரங்களையும் மடித்துத் தைத்து, உட்புறம் வெளியே தெரிய இரண்டாக மடித்து, இரு பக்கங்களையும் பின்தையலால் இணைக்குக. கைப்பிடிக்கு இரு பட்டைகள் தைத்துத் திருப்பினால் பை ஆயத்தம். சிறுவர் சிறுமியர் இருபாலாரும் ஊசி பிடிக்கப் பழகட்டும்.

பெற்றோரே, வாரத்தில் ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்குங்கள். பிள்ளையின் முதல் வேலை கோணலாகத்தான் இருக்கும். அதனைப் பிரித்து நீங்கள் திருத்திவிட வேண்டா; கோணலாகவே அடுத்ததையும் செய்யட்டும். அந்த விரிப்பின்மேல் உங்கள் தேநீர்க் குவளையை வைத்துப் பருகுங்கள். கடையில் வாங்கிய எந்தப் பரிசும் தாராத மகிழ்ச்சியை அப்போது அக்குழந்தையின் முகத்தில் காண்பீர்கள்.