மாடியில் ஒரு காது

எங்கள் வீட்டு மொட்டை மாடியில், துணி உலர்த்தும் கொடிக்கு மேலே, ஐந்து செப்புக் கம்பிகளோடு ஒரு குச்சி நிற்பதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், "இதி ஏமண்டி, கொத்த டிஷ்ஷா?" என்று கேட்டார். "விமானம் பேசுவதைக் கேட்கிற காது" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

ஸ்ரீ சிட்டியில் குடியிருக்கும் நம்மவர்களுக்குத் தலைக்கு மேல் விமானம் போவது புதிதல்ல. சென்னையிலிருந்து வடக்கே கிளம்புகிற பல விமானங்களுக்கு இதுதான் பாதை. அவை நிஜமாகவே பேசிக்கொண்டுதான் போகின்றன. தான் இருக்கும் இடத்தை ஜி.பி.எஸ். மூலம் தெரிந்துகொள்ளும் விமானம், அதை 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விநாடிக்கு இரண்டு முறை உலகத்துக்கே சொல்கிறது. ஏ.டி.எஸ்.-பி என்று பெயர். ஒரு செய்தியில் 112 பிட். சொல்லி முடிக்க 120 மைக்ரோ விநாடி. ரகசியம் எதுவும் கிடையாது. கேட்க ஒரு காது இருந்தால் போதும்.

அந்தக் காதைச் செய்வது பெரிய வித்தையில்லை. கம்ப்யூட்டரில் டி.வி. பார்ப்பதற்கென்று விற்ற மலிவான யு.எஸ்.பி. டாங்கிள் ஒன்று, அதிலுள்ள ஆர்.டி.எல்.2832யு சிப்பை வேறு அலைகளைக் கேட்கவும் திருப்பிவிடலாம் என்று 2012ல் ஆர்வலர்கள் உலகுக்குக் காட்டினார்கள். செய்தியைப் பிரித்துப் படிக்க, இத்தாலியர் சால்வதோரே சான்ஃபிலிப்போ எழுதிய டம்ப்1090 என்ற இலவச புரோகிராம். பரணில் கிடந்த பழைய லேப்டாப். பாக்கி எல்லாம் கம்பியும் ஈயப்பற்றும்தான்.

கம்பியில்தான் நான் கோட்டை விட்டேன். இந்த அலையின் நீளம் 27.5 செ.மீ. அதில் கால் பங்கு, அதாவது சுமார் 6.9 செ.மீ., நேராக ஒரு கம்பி; அதன் அடியில் அதே அளவில் நான்கு கம்பிகள் சாய்வாக. கண் மதிப்பில் வெட்டியதை, பிறகு என் பையன் ஸ்கேல் வைத்து அளந்து சிரித்தான். அதைச் சரிசெய்த பின்னும் மூன்று நான்கு விமானங்களுக்கு மேல் தெரியவில்லை. மாடியிலிருந்து ஹாலுக்கு இருபது மீட்டர் கேபிள் டி.வி. வயர் இழுத்திருந்தேன். வழியிலேயே சிக்னலை வயர் தின்றுவிட்டது! டாங்கிளை மாடிக்கே கொண்டுபோய்க் குச்சியின் காலடியில், மழை படாமல் ஒரு டப்பாவுக்குள் வைத்ததும் திரை நிறைய விமானங்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுகிற நாட்களில் கிழக்குப் பக்கம் வெறிச்சோடிக் கிடப்பதையும் அதில் பார்த்திருக்கிறேன்.

போர்ட் பிளேரில், இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்கிறார்கள், என் தங்கை குடும்பம் இருக்கிறது. லீவு முடிந்து அவர்கள் சென்னையில் விமானம் ஏறிய அன்று வீடே திரை முன்னால் உட்கார்ந்தது. கடல் மேல் முந்நூறு கிலோமீட்டர் தாண்டியிருக்கும். விமானப் படம் அசையாமல் நின்றது. சிறிது நேரத்தில் காணாமலே போயிற்று.

"என்னங்க, பிளேன் எங்கே போச்சு?" என்றாள் மனைவி. குரல் சரியாக இல்லை.

பூமி உருண்டை, 35,000 அடி உயரத்தில் பறப்பதும் நானூறு கிலோமீட்டர் போனால் தொடுவானத்துக்குக் கீழே இறங்கிவிடும், என் குச்சிக்கு அவ்வளவு தூரம்கூட எட்டாது என்று விளக்கினேன். அவள் கேட்டுக்கொள்ளவில்லை. அவள் மனதில் ஓடியது எனக்கும் தெரியும். 2016 ஜூலை 22ந் தேதி தாம்பரத்திலிருந்து அதே ஊருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்-32, 29 பேரோடு வங்கக் கடல் மேல் மறைந்தது. மாதக்கணக்கில் தேடியும் கிடைக்கவில்லை. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி எடுத்த படங்களில் அதன் சிதைவுகள் தெரிவதாக 2024 ஜனவரியில்தான் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. சென்னைக் கரையிலிருந்து ஏறத்தாழ 310 கி.மீ. தூரம், 3,400 மீட்டர் ஆழம். ஏழரை வருஷம் அந்தக் குடும்பங்கள் காத்திருந்தன. அது ராணுவ விமானம். என் பெட்டி மாதிரி ஒன்று இருந்திருந்தால் கண்டுபிடித்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் என் திரையில் தங்கை மறைந்த தூரமும் கிட்டத்தட்ட அதே தூரம் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

2019லிருந்து 66 இரிடியம் செயற்கைக்கோள்களில் இதே 1090ஐக் கேட்கும் கருவிகள் வேலை செய்கின்றன. நடுக்கடலும் அவற்றுக்குக் கேட்கும். அதைச் சொன்னேன். தங்கையிடமிருந்து "இறங்கிட்டோம் அண்ணா" என்று போன் வந்த பிறகுதான் இரவு வேண்டாமென்று வைத்திருந்த குழம்பு அடுப்பேறியது.

ஒரு எச்சரிக்கை. நம் நாட்டில் வயர்லெஸ் கருவி வைத்திருப்பதற்கே சட்டம் உண்டு, கேட்பதற்கு மட்டும் என்றாலும். ராக்கெட் தளத்துக்குப் பக்கத்தில் வேறு இருக்கிறோம். நான் முதலில் கட்டிவிட்டுப் பிறகு விசாரித்தேன்; நீங்கள் விசாரித்துவிட்டுக் கட்டுங்கள். என் பெட்டி எதையும் ஒலிபரப்புவதில்லை, கேட்டதை வெளியே யாருக்கும் அனுப்புவதுமில்லை.

பார்க்க ஆசைப்படும் பிள்ளைகள் ஞாயிறு காலை மாடிக்கு வரலாம். ஸ்கேல் கொண்டு வரவும்.