கை நீண்டால் எடை கூடும்

ஃபோர்க்லிஃப்ட் பார்க்காத மெக்கானிக்கல் மாணவன் இருக்க மாட்டான். அதன் மாஸ்ட் நேராக மேலே போகும், கீழே வரும், அவ்வளவுதான். டெலிஹேண்ட்லர் அப்படியில்லை. ரேடியோ ஏரியல் மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் பூம், மேலேயும் முன்னாலும் நீளும். இரண்டாவது மாடிக்குச் செங்கல்லை வெளியிலிருந்தே நீட்டி வைத்து விடலாம். ஜேசிபி கம்பெனி இங்கிலாந்தில் 1977-ல் 'லோடால்' என்று இதைக் கொண்டு வந்தது.

அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை இந்த வண்டிகளை 7 வகுப்புகளாகப் பிரிக்கிறது. 1 முதல் 3 வரை பேட்டரி வண்டிகள். 4, 5 என்ஜின் வண்டிகள். முன்னது கெட்டி டயர், பின்னது காற்று டயர். 6 இழுவை வண்டி. மேடு பள்ளத்தில் ஓடுபவை 7. நம்ம டெலிஹேண்ட்லர் இதில்தான் வருகிறது.

மாடல் நம்பரே பாதி விஷயத்தைச் சொல்லும். லோடால் 530-70 என்றால் 3 டன், 7 மீட்டர். ஆனால் முழுக்க முன்னால் நீட்டிக் கொண்டு 3 டன் தூக்க முடியாது! தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தால் சுமக்கலாம், கையை நீட்டிப் பிடிக்க முடியுமா? முதல் வருடம் படித்த மொமென்ட்தான் இது. முன் அச்சிலிருந்து 1.5 மீட்டரில் 2 டன் இருந்தால் 3 டன்-மீட்டர். 6 மீட்டரில் அதே மொமென்ட்டுக்கு அரை டன்தான். பூமின் எடையும் முன்னே நகர்வதால் உண்மையில் அதைவிடக் குறையும். அதனால்தான் கேபினில் லோடு சார்ட் இருக்கிறது.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வண்டி முன்னால் கவிழப் பார்க்கிறது, பின் சக்கரம் லேசாகிறது. கை தானாக 'இறக்கு' லீவருக்குத்தான் போகும். அதுதான் ஆபத்து. 8 மீட்டர் நீண்ட பூம் 60 டிகிரியில் நிற்கும்போது கீலிலிருந்து கிடைமட்டத் தூரம் 4 மீட்டர். 30 டிகிரிக்கு இறக்கினால் 6.9 மீட்டர். இறக்க இறக்க மொமென்ட் கூடும். எனவே முதலில் பூமை உள்ளே இழுக்க வேண்டும், பிறகுதான் இறக்க வேண்டும். பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு எச்சரிக்கும். ஆனாலும் கணக்குத் தெரிந்த கைக்கு ஈடாகாது என்பது என் கருத்து.

மற்றவை சுருக்கமாக. தூக்குமுன் வண்டி சமமாக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் உயரத்தில் லோடு பக்கவாட்டில் போய்விடும். ஓட்டும்போது பூம் இறங்கியும் சுருங்கியும் இருக்கணும். பூமுக்குக் கீழே ஆள் கூடாது, மேலே கரண்ட் கம்பியைப் பார்க்கணும். ஃபோர்க்கில் ஆளை ஏற்றவே கூடாது, அதற்கென்று உள்ள கூண்டு வேறு.

அமெரிக்காவில் விவசாயம் தவிர்த்த வேலைகளில் 18 வயதாகாதவர் இதை ஓட்டக் கூடாது. நமக்கு வயசு வந்தாச்சு, பயிற்சிதான் பாக்கி. அங்கே பயிற்சி பெற்றவரையும் 3 வருடத்துக்கு ஒருமுறையாவது மறுபடி சோதிக்கிறார்கள். வண்டி சாய்ந்தால் குதிக்காமல் பெல்ட்டோடு கேபினுக்குள்ளேயே இருக்கச் சொல்வதும் அந்தப் பயிற்சியில்தான். குதிப்பவன் மேல்தான் கேபின் கூரை விழுகிறது.