பளபளன்னு இருந்தா போதுமா பாஸ்?

பொங்கலுக்கு வீட்டுக்கு பெயின்ட் அடிக்கப் போறீங்களா? கலர் கார்டைப் பார்த்து 'லாவண்டர் சூப்பர்'னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்... கலரைவிட முக்கியம் ஃபினிஷ்!

எங்க கல்மண்டபம் வீட்டு ஹால்ல, பட்டி பார்க்காமலே ஆசையா கிளாஸ் அடிச்சோம். ட்யூப்லைட்டைப் போட்டதும் சுவரோட மேடு பள்ளமெல்லாம் பல்லைக் காட்டுச்சு! காரணம் சிம்பிள். கிளாஸ், வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடிக்கும். மேட், அதைச் சிதறடிச்சு மேடு பள்ளத்தை மறைச்சிடும். ஆனா, மேட்ல கறை பட்டா தேய்ச்சுக் கழுவுறது கஷ்டம். அதனால சீலிங்குக்கு மேட். வாண்டுங்க கிறுக்குற ஹாலுக்கு நடுத்தரமா சாட்டின். எண்ணெய் தெறிக்கிற கிச்சனுக்கு செமி கிளாஸ்.

ஈரம் ஊறுற சுவரா? முதல்ல கசிவை அடைங்க. இல்லேன்னா எந்த ஃபினிஷும் உரிஞ்சு வந்துடும்.

காசிமேட்டு உப்புக்காத்து வாங்குற ஜன்னல் கம்பிக்கு? துருவை எடுத்து, ப்ரைமர் அடிச்சு, அப்புறம்தான் எனாமல்.

இங்கேதான் உஷார்! வீட்டு பெயின்ட்ல ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல கூடாதுங்கிற விதி அமலுக்கு வந்தது 2017 நவம்பர்லதான். அதுக்கு முந்தைய எனாமல்ல ஈயம் நிறைய இருக்கலாம். உப்புத்தாளால வறட்டுத்தனமா தேய்ச்சா, அந்தத் தூசி குழந்தைங்க உடம்புக்குள்ள போய் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். நனைச்சுத் தேய்க்கச் சொல்லுங்க. வேலை முடிஞ்சு, ஈரத்துணியால துடைக்கிற வரைக்கும் குட்டீஸை அத்தை வீட்டுக்கு அனுப்பிடுங்க.

பளபளப்பு அப்புறம் பாஸ்... பாப்பா முதல்ல!