கடல் காற்றில் தெரியாத தாகம்

நாகர்கோவிலுக்கு மேற்கே இருக்கிறது முட்டம். 1981-ல் வந்த 'அலைகள் ஓய்வதில்லை' படத்தில் பார்த்தீர்களே, அந்தப் பாறைகள்தான். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று ஆளையே தள்ளும். கலங்கரை விளக்கத்துப் பக்கம் பாறை மேட்டில் நடக்கக் கிளம்புகிறீர்களா?

"காத்து ஜில்லுன்னு அடிக்கு, வேர்க்கவே இல்ல வைத்தியரே" என்பார்கள். வேர்க்காமல் என்ன? வேர்வை அரும்பும்போதே காற்று அதை உலர்த்திவிடுகிறது. உடம்பு நீரையும் உப்பையும் இழப்பது தெரிவதில்லை. அறுபதைத் தாண்டியவர்களுக்குத் தாகமே லேசில் எடுக்காது. நா வறட்சி, கெண்டைக்கால் பிடிப்பு எல்லாம் வளி, அதாவது வாதம், மிஞ்சியதன் குறி என்போம் சித்தத்தில். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறதா? நடந்தது போதும், திரும்புங்கள்.

கலர் பாட்டில் வேண்டாம். உப்பிட்ட கஞ்சித்தண்ணியோ நீர்மோரோ கொண்டுபோய், தாகம் எடுக்காவிட்டாலும் அவ்வப்போது நாலு மடக்கு குடியுங்கள். சீசனில் அக்கானி கிடைத்தால் கேட்கவே வேண்டாம்! சர்க்கரைக்காரர்கள் மட்டும் அதற்கு ஆசைப்படாதீர்கள். இரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் உப்பு சேர்ப்பதற்கு முன் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிறுகிறுத்தால் முதல் வேலை, பாறை விளிம்பை விட்டு உள்ளே வந்து உட்காருவது. பிறகு நிழலில் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். பேச்சு குழறினாலோ நினைவு தப்பினாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள், எங்கள் கஷாயம் உட்பட! 108-ஐக் கூப்பிடுங்கள். ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது.